சரிவில் நிற்கும் கார்

1999 அக்டோபர் 19, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பது. நம் காக்ஸ் டவுன் வீட்டு வாசல் சரிவில் ஒரு கார். அதன் சக்கரங்களுக்கு அடியில் நான்கு கற்கள். காரின் பின்பக்கம் கேட் தூணில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரட்டைக் கேட்டில் மூடியிருந்த கதவு வளைந்து தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி மேலும் நகர்ந்தால் தெரிய வேண்டும் என்று நேற்று மாலை முன்சக்கரத்தை ஒட்டித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். விடியற்காலைத் தூறலில் கோடு அழிந்துவிட்டது. இப்போது நகர்ந்திருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்தபடி உனக்கு எழுதுகிறேன். நீ உள்ளறையில் தூங்குகிறாய். உனக்கு மூன்று வயது.

மகனே, இந்தக் கடிதம் மூன்று வயதுக்காரனுக்கு இல்லை. உனக்கு லைசென்ஸ் கிடைத்து, உனக்கென்று ஒரு வீடும் வாசலும் வண்டியும் வரும்போது படிக்க வேண்டியவனுக்கு. அதுவரை ஏன் காத்திருக்கக் கூடாது, அப்போதே நேரில் சொல்லலாமே என்றால், முடியாது. அதற்குள் இது ஒரு தமாஷ் கதையாகியிருக்கும். நான் தொப்பை வைத்துக்கொண்டு, வந்த விருந்தாளிகளிடம் "ஆயுத பூஜை அன்னிக்கு இவன் என்ன பண்ணான் தெரியுமா" என்று ஆரம்பிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். அப்படி நான் சொல்லும் கதையை நம்பாதே. இதை நம்பு. இதை எழுதும்போது எனக்கு இன்னும் பயம் போகவில்லை. இந்தப் பயம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் அவசரப்படுகிறேன். உனக்காக எழுதினாலும், சரிவான வாசல் உள்ள யார் கையில் கிடைத்தாலும் அவர்களும் படிக்கட்டும்.

முதலில் சரிவைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வீடு தெருவைவிட உயரத்தில் இருக்கிறது. கேட்டிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் கார் ஏறுகிற சரிவு. நாங்கள் குடிவந்தபோது அது பழைய கருங்கல் பாவியது. இடுக்குகளில் புல், மழைக்காலத்தில் பாசி, பக்கத்து வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தின் காய் விழுந்து நசுங்கிப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைதோறும் தேய்த்துத் தேய்த்து எனக்கு அலுத்துவிட்டது. எனக்குப் பொறுமை குறைவு, அது உனக்கே தெரிந்திருக்கும். வீட்டுச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கி, இந்த ஜூன் மாதம் மேலே சிமெண்ட் பூசவைத்தேன். கொத்தனாரைக் கரணையால் கண்ணாடி மாதிரி இழைக்கச் சொன்னேன். என் தர்க்கம் இதுதான்: வழவழப்பான தரையில் பாசிக்குப் பிடிமானம் கிடையாது, துடைப்பம் ஒரே இழுப்பில் போகும், தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். எல்லாம் சரி. பாசிக்குப் பிடிமானம் இல்லாத தரையில் டயருக்கு மட்டும் பிடிமானம் எங்கிருந்து வரும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மெக்கானிகல் எஞ்சினியரிங் படித்தவன், கேட்டுக்கொள்ளவில்லை. உன் அம்மா பூச்சு காய்ந்த அன்று வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இது வாசலா, பார்க்குல இருக்கற சறுக்கு மரமா?" என்றாள். "சுத்தம் பண்ணப்போறது நான்தானே?" என்றேன். அவள் துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சுத்தம் செய்ய எளிதான தரை பாதுகாப்பான தரை என்று நினைக்காதே. உன் வாசலில் குறுக்குக் கோடு போடு. சொரசொரப்பாக விடு. தேய்ப்பது கஷ்டமாகத்தான் இருக்கும், தேய்.

இனி கார். நீ பிறப்பதற்கு முந்தின வருட ஆயுத பூஜைக்கு நானும் உன் அம்மாவும் ஸ்கூட்டரில் அல்சூர் பக்கம் போனோம். இந்த ஊரில் அன்றைக்கு மாலை எப்படி இருக்கும் என்று நீயே பார்த்திருப்பாய். ஒவ்வொரு கடைக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் குங்குமம் தடவிய பூசணிக்காயை ரோட்டில் உடைப்பார்கள். ரோடு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகச் சதை கிடக்கும். ஒரு திருப்பத்தில் பிரேக் அடித்தேன், வண்டி கவிழ்ந்தது. உன் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போது நீ அவள் வயிற்றில். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை அவள் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குக் கார் வெறி பிடித்தது. நான்கு சக்கரம் கவிழாது என்று கணக்குப் போட்டேன். ஒரு பழைய வெள்ளை மாருதி வாங்கினேன். அந்தப் பயத்திலிருந்து உங்கள் இரண்டு பேரையும் தள்ளி வைத்துவிட்டதாக நினைத்தேன்.

நேற்று காலை காரைச் சரிவின் நடுவில், மூக்கு வீட்டைப் பார்த்தபடி நிறுத்திச் சோப்புத்தூள் போட்டுக் கழுவினேன். நுரை சரிவில் ஓடியது. இரண்டு வாளி தண்ணீர் அடித்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். கையால் தடவிப் பார்த்திருந்தால் வழுக்கல் தெரிந்திருக்கும். மாலையில் உன் சேகர் மாமா ஈஜிபுராவிலிருந்து பெரிய பூசணிக்காயோடு வந்தான். அம்மாவின் தம்பி, ஆயுத பூஜை என்றால் அவனுக்குத் தீபாவளியைவிடச் சந்தோஷம். பூசணிக்காயில் ஓட்டை போட்டுக் குங்குமமும் சில்லறைக் காசும் போட்டான். காரைச் சுற்றிவிட்டுத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனவனை நான்தான் நிறுத்தினேன்.

"டேய், ரோட்டுல வேண்டாம். எவனாவது ஸ்கூட்டர்ல வந்து விழுவான். கேட்டுக்கு உள்ளயே உடை."

"உள்ளயா? வீட்டுக்குள்ள உடைச்சா திருஷ்டி வெளிய எப்படிப் போகும் மாமா?"

"தண்ணி ஊத்தினா தானா வெளிய போகும். உடைடா."

"நீங்க இருக்கீங்களே..." என்று முனகியபடி காருக்குப் பின்னால், கேட்டுக்கு உள்ளே, நம் சரிவிலேயே ஓங்கி உடைத்தான். சிதறிய சதையைப் பார்த்து "சக்கத்தா உடைஞ்சுது" என்று கன்னடம் கலந்து அவனே மெச்சிக்கொண்டான். முன்பின் தெரியாத யாரோ ஒருவன் வழுக்கி விழக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தால் பூசணிக்காய் என் சக்கரத்துக்கு அடியில் வந்தது.

சக்கரங்களுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தோம். நான் ஏறிக் கைப்பிரேக்கைத் தளர்த்தி வண்டியைப் பின்னால் உருளவிட்டேன். பழங்கள் நசுங்கின. உடனே கைப்பிரேக்கை இழுத்தேன். கியரில் போடவில்லை. பொரி கடலை கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் எல்லோருமாகத் தெருவை ஒரு சுற்று வரப்போகிறோமே, எதற்கு என்று விட்டுவிட்டேன். இறங்கி முன்பக்கம் போய்ச் செவ்வந்தி மாலையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தாம்பாளத்தை உள்ளே வைக்கப் போனாள். நீ அவளோடு போனதாக நான் நினைத்தேன். என்னோடு இருப்பதாக அவள் நினைத்தாள்.

சேகர் பின்கதவைத் திறந்து, சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தான்.

மாலை என் கையிலிருந்து நழுவிப் போனது. முதலில் எனக்குப் புரியவில்லை. யாரோ மறுமுனையைப் பிடித்து மெதுவாக இழுக்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்தால் கார் என்னைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லை. எஞ்சின் ஓடவில்லை, டயர் கிறீச்சிடவில்லை, பின்சக்கரம் சுற்றக்கூட இல்லை. கழுவித் துடைத்துப் பொட்டு வைத்த கார், அப்படியே சறுக்கிக்கொண்டு இறங்கியது. எதிர்வீட்டு வாசலில் ரோசலின் டீச்சர் நின்றிருந்தார். அவர் கத்தியதுதான் நேற்றைய முதல் சத்தம்.

"தம்பீ! புள்ள! வண்டிக்குப் பின்னாடி புள்ள!"

பிறகு தூணில் மோதிய சத்தம்.

நான் சுவரோரமாக ஓடினேன், வழுக்கி விழுந்தேன், எழுந்தேன். காருக்கும் தூணுக்கும் இடையே பூசணிச் சதையும் குங்குமமும் சிவப்பாக அப்பியிருந்தன. அது குங்குமம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கண் அதை வேறாகத்தான் பார்த்தது. அதற்கு நடுவில் உன் ஒற்றைச் செருப்பு நசுங்கியிருந்தது. எவ்வளவு நேரம் அதையே பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. நீ திறந்திருந்த கேட் பக்கமாகத் தெரு ஓரச் சாக்கடையருகே ஒரு காலில் செருப்போடு நின்று என்னைக் கூப்பிட்டாய்.

"அப்பா, காசு ஓடிப்போச்சு. எடுத்துக் குடு."

இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். உன்னை நான் காப்பாற்றவில்லை. அம்மா காப்பாற்றவில்லை. டீச்சர் கத்தியது உன் காதில் விழக்கூட இல்லை. நீ பூசணிக்காய்க்குள் இருந்த காசைப் பொறுக்க உட்கார்ந்திருந்தாய். ஒரு காசு உருண்டது. அதன் பின்னால் போனாய். தூண் பக்கம் உருண்டிருந்தால் தூண் பக்கம் போயிருப்பாய். சரிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இன்று காலை ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தேன். முதல் தடவை திறந்த கேட் பக்கம் போனது. அடுத்த தடவை தூண் பக்கம் போனது. அதற்கு மேல் உருட்ட எனக்குத் தைரியம் இல்லை.

சேகர் காரிலிருந்து இறங்கும்போது வெலவெலத்துப் போயிருந்தான். உன்னைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. "ஒண்ணும் ஆகல மாமா. பூசணிக்காய் தன் வேலையைச் செஞ்சிடுச்சு பாருங்க. பெருசா வர இருந்தது கேட்டோட போயிடுச்சு."

"பூசணிக்காய்தாண்டா இதையே செஞ்சுது! திருஷ்டியாவது மண்ணாவது. தரையில பிடிப்பு இல்ல. அவ்வளவுதான்."

"அப்ப கொழந்தை தப்பிச்சது? அதுக்கு என்ன ஃபார்முலா மாமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு பேரும் கத்த ஆரம்பித்தோம். டீச்சர் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு பெரிய கல்லைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். "சாமியா சயன்ஸான்னு அப்புறமா சண்டை போடுங்க. முதல்ல சக்கரத்துக்குக் கல்லு வையுங்க. தூண் விட்டுச்சுன்னா வண்டி நேரா என் வீட்டு ஹாலுக்குத்தான் வரும்." அந்தக் கல்லும், நாங்கள் தேடிக் கொண்டுவந்த மூன்றும்தான் இப்போது அங்கே இருப்பவை.

உன் அம்மா உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் செருப்பையே பார்த்தாள். அழவில்லை. ராத்திரி உன்னைத் தூங்க வைத்துவிட்டு வந்து சொன்னாள்: "நீங்க ஓட்டற வண்டியில ஏறமாட்டேன்னு சொல்லல. நீங்க நிறுத்தற வண்டிக்குப் பக்கத்துல இனிமே நிக்கமாட்டேன். அவனும் நிக்கமாட்டான்." நான் கைப்பிரேக்கைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். "எனக்கு எதுக்குச் சொல்றீங்க? அதெல்லாம் தெரிஞ்சவரு நீங்கதானே நிறுத்தினீங்க" என்றாள். இன்று விஜயதசமி. உன் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதவைப்பதாக இருந்தோம். அதைப் பற்றி இரண்டு பேருமே இன்னும் பேச்செடுக்கவில்லை.

அவள் சொல்ல விடாததை உனக்குச் சொல்கிறேன், கேள். இந்தக் காரின் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். முன்சக்கரங்களைப் பிடிக்க வேண்டுமானால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரில் போட வேண்டும். நான் போடாததால் முன்சக்கரங்கள் சும்மா இருந்தன. மொத்தப் பாரத்தையும் தாங்கிய பின்சக்கரங்கள் பூசணிச் சதையிலும் எலுமிச்சைச் சாற்றிலும், காலையில் சரியாகக் கழுவாத சோப்பிலும் நின்றன. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். சக்கரம்தான் தரையைப் பிடிக்க வேண்டும். என் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் நானே கழற்றி மாட்டினேன். என்னைப் பயமுறுத்துவது அதுதான். கெட்டுப்போன சாமான் என்றால் மாற்றிவிடலாம். இங்கே எதுவுமே கெட்டுப்போகவில்லை.

ஆகவே வாசலைத் துப்புரவாக வைப்பது அழகுக்காக இல்லை. பாசி தென்பட்ட அன்றே பிளீச்சிங் பவுடர் தூவி, ஊறவிட்டு, முள் பிரஷ்ஷால் தேய்த்து, மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டு அலசு. எண்ணெய் சொட்டினால் மரத்தூள் போட்டு உறிஞ்சவிட்டுப் பெருக்கு. சரிவில் வைத்து வண்டி கழுவாதே. இலை, பூ, காய் எது விழுந்தாலும் அன்றன்றைக்கு எடு. முடித்துவிட்டதாகத் தோன்றும்போது வெறுங்காலால் ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கிப் பார். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது காலுக்குத் தெரிந்துவிடும். உனக்கு இதெல்லாம் சின்ன விஷயமாகப் படும். எனக்கும் நேற்று மாலை ஐந்து மணி வரைக்கும் அப்படித்தான் பட்டது.

இப்போது அந்தக் காரை அங்கிருந்து எடுக்க வேண்டும். எடுக்கப் பயமாக இருக்கிறது. தூண் அடியில் விரிசல் விட்டிருக்கிறது. கல்லை எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். கணக்கில் வண்டி நிற்கிறது. நேற்றும் கணக்கில் நின்றது. இதில் இன்னொரு கூத்து: ஜாக்கி, சுத்தியல், உளி, ஸ்பானர் எல்லாம் பொட்டு வைத்துச் சாமி அலமாரிக்கு முன்னால் படுத்திருக்கின்றன. மறு பூஜை ஆகும்வரை தொடக்கூடாது. நான் கை நீட்டியதும் உன் அம்மா பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன். நமக்குத் தெரிந்த மெக்கானிக்கும் ஷட்டரில் வாழைக்கன்று கட்டிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். "என்ன தம்பி, வண்டியைப் பாத்துக்கிட்டே பரீட்சை எழுதறீங்களா?"

"டூல்ஸ் எல்லாம் பூஜையில இருக்கு டீச்சர். இன்னிக்கு எடுக்க முடியாது."

"உங்க வீட்டு டூல்ஸுக்குத்தான் லீவு. எங்க வீட்டுக் கடப்பாரைக்கு டிசம்பர்லதான் பண்டிகை. ஜாக்கி, கயிறு, உளி எல்லாம் இருக்கு. எங்க வீட்டுக்காரரும் சும்மாதான் உக்காந்திருக்காரு. வரச் சொல்லவா?"

"பயமா இருக்கு டீச்சர்." இந்த வார்த்தையை நான் அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அவர் சிரிக்கவில்லை. காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எனக்கும்தான். நேத்துலேருந்து ஹால்ல உக்காரவே இல்ல. பயந்துக்கிட்டே செய்யலாம் வாங்க. பயப்படாம செஞ்சதைத்தான் நேத்து பாத்தோமே" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரை எடுக்கப் போனார்.

எனக்குப் பின்னால் சமையலறை வாசலில் உன் அம்மா நின்றிருந்தாள். நான் பயம் என்று சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. வந்து மேசைமேல் காப்பியை வைத்தாள். "அவனை எழுப்பி டீச்சர் வீட்டு மாடிக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கேயிருந்து கையைக் காட்டறேன். அப்புறம் கல்லுல கை வையுங்க" என்றாள். நேற்று ராத்திரிக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது இதுதான். இனி நான் செய்யப்போவதை எழுதி வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.

1. சரிவு முழுவதும் முதலில் தண்ணீர் விட்டு அலசுவேன். பிறகு மணல் கொட்டுவேன். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கையாலேயே அள்ளிப் போடுவேன்.

2. தெருவின் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துவேன். ஒரு பக்கம் ராத்திரி இங்கேயே தங்கிவிட்ட சேகர், இன்னொரு பக்கம் டீச்சர். ஒரு குழந்தைகூடத் தெருவில் இருக்கக் கூடாது.

3. காரின் முன்பக்கத்தைக் கயிற்றால் வீட்டுத் தூணோடு கட்டுவேன். டீச்சரின் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

4. மாடியிலிருந்து உன் அம்மா கை காட்டும்வரை எந்தக் கல்லையும் தொடமாட்டேன்.

5. வண்டியை முதல் கியரில் போட்டு, ஒவ்வொரு கல்லாக எடுப்போம். பிறகு நான் உள்ளே உட்கார்ந்து தூணைவிட்டுச் சற்று மேலே ஏற்றித் திறந்த கேட் பக்கம் திருப்பி, கிளட்சை மிதித்தபடி அங்குலம் அங்குலமாகக் கயிற்றைத் தளர்த்தித் தெருவில் இறக்குவோம். என் கால் நடுங்கினால் நிறுத்துவேன். நடுக்கம் நின்றதும் திரும்ப ஆரம்பிப்பேன்.

6. இன்று மாலைக்குள் இந்த வழவழப்பு முழுவதையும் இரவல் உளியால் கொத்தி எடுக்கத் தொடங்குவேன்.

7. கார் சாவியை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். எப்போது திருப்பித் தருவாள் என்று கேட்கமாட்டேன்.